பழைய பதிவேட்டிலிருந்து பெயரடைவு: கணினியில் தயாரிக்கவும் இணையவழி கற்றுக்கொடுக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களையும் படமெடுத்து வைத்துவிட்டால் மட்டும் அவற்றில் ஒரு மூதாதையரைத் தேடிவிட முடியாது. படத்துக்குள் இருக்கும் பெயர் கணினிக்கு வெறும் மைக்கறை. யாராவது அதைப் படித்து, தட்டச்சு செய்து, எந்தப் படத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று குறித்து வைக்க வேண்டும். இண்டெக்ஸிங் என்று சொல்லப்படுகிற இந்த வேலையை இங்கே பெயரடைவு என்றே அழைக்கிறேன்.

இந்த வேலையைச் செய்தும், இணையவழி வகுப்புகளில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் கணினி தெரியாதவர்கள் அல்லர். கணினி நன்றாகத் தெரிந்ததால் முதல் படத்தைத் திறந்தவுடன் முதல் வரியைத் தட்டத் தொடங்குகிறவர்கள்தான். அறுபது பக்கம் தாண்டிய பிறகு அவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அதைத் தீர்த்தால் முந்தைய அறுபது பக்கங்களையும் திருத்த வேண்டியிருக்கும். கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காக அமைந்தது. முதல் ஏழு பகுதிகள் அடைவு தயாரிப்பவருக்கு. மீதி, அதைக் கற்றுக்கொடுக்க உட்காருகிறவருக்கு.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

விசைப்பலகையுள்ள ஒரு கணினி, படமும் அட்டவணையும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் அளவுக்கு அகலமான திரை, எக்செல் அல்லது லிப்ரெ ஆபிஸ் கால்க் போன்ற ஓர் அட்டவணை மென்பொருள். இவை போதும். கைப்பேசியில் செய்யலாமா என்று கேட்பார்கள். படத்தைப் பெரிதாக்கினால் அட்டவணை மறையும், அட்டவணைக்கு வந்தால் படம் மறையும். நடுவில் நினைவை நம்பித் தட்டுவீர்கள். பிழை அங்கேதான் பிறக்கிறது.

தமிழில் உள்ளிடுவதானால், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையாகிய யூனிகோடில் மட்டுமே தட்டுங்கள். பழைய தனி எழுத்துருக்களில் தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும், தேடலிலும் சிக்காது.

மூதாதையர் பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் போன்ற தளத்தில் தன்னார்வலராகச் சேர்பவர்களுக்குப் படங்களும் உள்ளீட்டுக் கட்டங்களும் ஆயத்தமாகக் கிடைக்கும். அவர்கள் 2, 4 ஆகிய பகுதிகளைத் தாண்டலாம். ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி விதிமுறை உண்டு. அது இங்கே சொல்வதற்கு மாறாக இருந்தால், அதுதான் செல்லும்.

2. படங்களுக்குப் பெயரும் எண்ணும் இடுங்கள்

மூலப் படங்களை ஒரு கோப்புறையில் போட்டு, அதை இனித் தொடாதீர்கள். வேலை செய்ய ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் கூட்டுவது, திருப்புவது, வெட்டுவது எல்லாம் நகலில்தான். வெட்டும்போது ஓரக் குறிப்பு ஒன்று காணாமல் போயிருந்தால், மூலம் இருந்தால்தான் அது தெரியவே வரும்.

நீங்களே ஸ்கேன் செய்வதானால் 300 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு) குறையாமல், வண்ணத்தில் எடுங்கள். மங்கிய பழுப்பு மையும் தாளின் கறையும் கறுப்பு வெள்ளையில் ஒன்றாகிவிடும். வண்ணத்தில் பிரித்தறிய முடியும்.

கோப்பின் பெயர் ‘பதிவேடு03_படம்0001’ என்ற வடிவில் இருக்கட்டும். முன்னால் சுழியங்கள் எதற்கு என்றால், அவை இல்லாவிட்டால் சில மென்பொருள்கள் 1, 10, 11, 2 என்று அடுக்கும். பக்கங்களின் வரிசை குலையும்.

பதிவேட்டில் அச்சிட்டிருக்கும் பக்க எண்ணும் உங்கள் பட எண்ணும் ஒன்றல்ல. ஒரு படத்தில் இரு பக்கங்கள் இருக்கலாம். எண் விடுபட்ட பக்கமும் ஒரே எண் இருமுறை வந்த பக்கமும் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

3. தட்டுமுன் இருபது பக்கம் புரட்டுங்கள்

புதியவர்கள் தவறாமல் தாண்டும் படி இது. எதையும் தட்டாமல், தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களிலிருந்து இருபது பக்கமாவது படியுங்கள். எழுதியவர் எங்கே மாறுகிறார், எந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, தேதியை எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள்.

பார்த்துக்கொண்டே ஓர் எழுத்துத்தாள் தயாரியுங்கள். ஐயமில்லாமல் படிக்க முடிந்த ஒரு சொல்லை எடுத்து, அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் படத்திலிருந்து வெட்டி, பக்கத்தில் அது என்ன எழுத்து என்று எழுதுங்கள். மாதப் பெயர்கள் இதற்கு வசதி: பன்னிரண்டும் உங்களுக்கு முன்பே தெரியும். பின்னால் ஒரு குடும்பப் பெயரில் புரியாத வளைவு வரும்போது, அதே கை ‘ஆகஸ்டு’ மாதத்தை எப்படி எழுதியது என்று ஒப்பிடலாம். எழுதியவர் மாறினால் தாளையும் மாற்றுங்கள்.

பழைய தமிழ்க் கையெழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி விடுபட்டிருக்கும். ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். ௧ என்ற எண்ணைக் ககரமாகவும் ௨ என்ற எண்ணை உகரமாகவும் படித்துவிடுவது சாதாரணம். பழைய ஆங்கிலக் கையெழுத்திலோ சொல்லின் நடுவில் வரும் நீண்ட ‘எஸ்’, ‘எஃப்’ போலத் தெரியும். இவற்றை எழுத்துத்தாளின் தலையிலேயே எழுதி வையுங்கள்.

4. அட்டவணையை அமைத்தல்

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி. இடமிருந்து வலமாக இந்தப் பத்திகளைப் பரிந்துரைக்கிறேன்: வரிசை எண், பட எண், பக்க எண், பக்கத்தில் எத்தனையாவது பதிவு, நிகழ்வின் வகை, தேதி (எழுதியபடி), தேதி (சீர்செய்தது), பெயர் (எழுதியபடி), பெயர் (தேடலுக்கு), தந்தை, தாய், வயது, ஊர், சந்தேகம், குறிப்பு.

வரிசை எண்ணை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். யாரோ ஒருவர் என்றாவது ஒருநாள் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்துவார். பெயர்கள் நகரும், மற்றவை நிற்கும். ஒவ்வொருவருக்கும் வேறொருவரின் தந்தை கிடைப்பார். நானே ஒருமுறை இதைச் செய்து, இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால், பிறகு வரிசை எண்ணைக் கொண்டு பழைய நிலைக்குத் திரும்பலாம். ஒரு பத்தி மட்டும் நகர்ந்துவிட்டால் காப்புப் பிரதியைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது, எல்லாப் பத்திகளையும் தட்டுவதற்கு முன்பே ‘உரை’ வடிவத்துக்கு மாற்றுங்கள். எக்செல் 1900 ஜனவரி 1க்கு முந்தைய நாளைத் தேதியாக ஏற்பதில்லை. ஆகவே 1899ஆம் ஆண்டுத் தேதி உரையாகவே நிற்கும். 1901ஆம் ஆண்டுத் தேதி உள்ளுக்குள் ஓர் எண்ணாக மாறிவிடும். ஒரே பத்தியில் இரண்டு இனம்; வரிசைப்படுத்தினால் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

வயதுக் கட்டத்திலும் இதே தொல்லை. கணக்கெடுப்புத் தாள்களில் கைக்குழந்தையின் வயதை 3/12 என்று எழுதியிருப்பார்கள். பன்னிரண்டில் மூன்று, அதாவது மூன்று மாதம். எக்செல் அதை ஒரு தேதியாக்கிவிடும். தட்டிய பிறகு உரை வடிவத்துக்கு மாற்றினால் 3/12 திரும்ப வராது, ஐந்திலக்க எண் ஒன்றுதான் வரும்.

தானாக நிரப்பும் வசதியையும் தானாகத் திருத்தும் வசதியையும் அணைத்துவிடுங்கள். மேலே வந்த பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டியதுமே மென்பொருள் மீதியை எடுத்துக்கொடுக்கும். முக்கால்வாசி சமயம் சரியாக இருப்பதால்தான் அது ஆபத்து.

5. விதித்தாள் எழுதுதல்

ஐயம் வரும் இடங்களில் என்ன இடுவது என்று முன்பே முடிவு செய்து எழுதி வைக்கும் தாள் இது. ஒரு பக்கம் போதும். ஆனால் தட்டத் தொடங்குமுன் எழுதியிருக்க வேண்டும். குறைந்தது இந்தக் கேள்விகளுக்கு விடை வேண்டும்: பதிவேட்டில் அந்தக் கட்டமே காலியாக இருந்தால் என்ன இடுவது? எழுதியிருக்கிறது, படிக்க முடியவில்லை என்றால் என்ன இடுவது? பாதி எழுத்து மட்டும் தெரிந்தால்? அடித்துத் திருத்தியிருந்தால்? ‘மேற்படி’ என்றிருந்தால்?

முதல் இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். ‘தந்தை பெயர் எழுதப்படவில்லை’ என்பது ஒரு தகவல். ‘என்னால் படிக்க முடியவில்லை’ என்பது இன்னொருவருக்கான அழைப்பு. இரண்டுக்கும் கட்டத்தை வெறுமையாக விட்டால், மூன்றாவதாக ‘தட்ட மறந்துவிட்டேன்’ என்பதும் அதில் சேர்ந்துகொள்ளும். நான் முதலாவதற்குச் சிறுகோடும், இரண்டாவதற்குக் கேள்விக்குறியும் இடுகிறேன். வெறுமையான கட்டம் என்றால் வேலை முடியவில்லை என்று பொருள்.

‘மேற்படி’ என்பதற்கு மேலே உள்ள சொல்லையே முழுமையாகத் தட்டுங்கள். நாளை வரிசை மாறும்போது மேலே வேறு சொல் நிற்கும். அடித்துத் திருத்தியதில் திருத்தத்தைப் பெயர்க் கட்டத்திலும், அடிபட்டதைக் குறிப்பிலும் போடுங்கள்.

வேலையின் நடுவில் விதி மாறினால், மாறிய நாளையும் அப்போது எட்டியிருந்த பட எண்ணையும் விதித்தாளிலேயே எழுதுங்கள்.

6. உள்ளிடுதல்: கண் கண்டதைத் தட்டுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. படிப்பது ஒரு வேலை, பொருள் சொல்வது வேறு வேலை. இரண்டையும் ஒரே கட்டத்தில் செய்யாதீர்கள்.

பதிவேட்டில் ‘முனியம்மா’ என்பது ‘முனியமா’ என்றிருந்தால் ‘எழுதியபடி’ பத்தியில் ‘முனியமா’தான். ‘முனியம்மா’ என்பது ‘தேடலுக்கு’ என்ற அடுத்த பத்திக்குப் போகட்டும். உங்கள் திருத்தம் சரியாகவே இருக்கலாம். ஆனால் திருத்தியதும் திருத்தாததும் பார்வைக்கு ஒன்றாக இருந்தால், பின்னால் வருகிறவர் எதை நம்புவது?

சொந்தக் குடும்பத்தின் பதிவேட்டைத் தட்டுகிறவர்களுக்கு இது இன்னும் கடினம். தாத்தாவின் பெயர் என்னவென்று முன்பே தெரிந்திருப்பதால், கண் அந்தப் பெயரையே படிக்கும். தெரிந்த பெயர் வரும் வரிகளை மட்டும் வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள்கள் இப்போது வரைவு எடுத்துத் தருகின்றன. பயன்படுத்துங்கள். ஆனால் முதலில் படத்தைப் படித்துவிட்டு, பிறகு வரைவைப் பாருங்கள். வரைவை முதலில் பார்த்தால் சரிபார்ப்பு தலையாட்டலாக முடியும்.

தமிழ் உள்ளீட்டில் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று உண்டு. ‘ஔ’ என்பது ஓர் எழுத்து. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினாலும் அதுபோலவே தெரியும், தேடலில் கிடைக்காது. ‘கொ’ என்பதையும் கொம்பு, கால் என இரு துண்டாகச் சில விசைப்பலகைகள் சேமிக்கும். தட்டும் எல்லோரும் ஒரே விசைப்பலகை மென்பொருளைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

பக்கம் முடிந்ததும் படத்திலுள்ள பதிவுகளை எண்ணுங்கள்; அட்டவணையிலுள்ள வரிகளை எண்ணுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் அடுத்த படத்துக்குப் போகாதீர்கள். அடுத்தடுத்த இரு வரிகளில் ஒரே பெயர் வந்தால் கண் ஒன்றைத் தாண்டிவிடுவது எல்லோருக்கும் நேர்வது.

தேதிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலப் பதிவேடுகளில் மாதத்தை ‘7பெர்’ என்று சுருக்கியிருப்பார்கள். புதியவர்கள் ஏழாம் மாதம், ஜூலை என்று போடுவார்கள். அது செப்டம்பர், ‘செப்டெம்’ என்றால் இலத்தீனில் ஏழு. அவ்வாறே ‘8பெர்’ அக்டோபர், ‘9பெர்’ நவம்பர்.

இங்கிலாந்தில் 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஆகவே 1731 டிசம்பருக்கு அடுத்த ஜனவரியும் பதிவேட்டில் 1731 என்றே இருக்கும். எழுத்தர் தவறிவிட்டார் என்று ‘திருத்தி’விடாதீர்கள். எழுதியபடி 1731, சீர்செய்த பத்தியில் 1731/32, அதாவது அன்றைய கணக்கில் 1731, இன்றைய கணக்கில் 1732. அதே 1752இல் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. நடுவில் உள்ள நாள்களில் பதிவே இல்லையென்றால் பக்கம் கிழிந்துவிட்டது என்று பொருள் அல்ல.

சீர்செய்த பத்தியில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 1874-03-09 என்று எழுதுங்கள். உரையாக இருந்தாலும் கால வரிசையில் சரியாக அடுக்கப்படும். 3 மாதமா 9 மாதமா என்ற குழப்பமும் வராது.

7. சரிபார்த்தல், சேமித்தல், வெளியிடுதல்

தட்டியவரே சரிபார்த்தால் அதே பிழையை மறுபடி படிப்பார். இருவர் கிடைத்தால், ஒருவர் தட்டியதை மற்றவர் பார்க்காமல் ஒரே படங்களைத் தனித்தனியாகத் தட்டட்டும். பிறகு இரு அட்டவணைகளையும் கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை மட்டும் மூன்றாமவர் படத்தைப் பார்த்துத் தீர்ப்பார். உழைப்பு இரட்டிப்பாகும் என்பது உண்மை. ஆளில்லாவிட்டால் பத்து வரிக்கு ஒன்றாவது இப்படிப் பாருங்கள்.

ஒப்பிடுமுன் சொல்லின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பெயரை வேறு பெயர் என்று கணினி சொல்லும்.

பிறருக்குக் கொடுக்க சிஎஸ்வி கோப்பு (கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) நல்லது. எந்த மென்பொருளும் திறக்கும். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும். கோப்பை மூடிவிட்டால் அவை மீளா. அந்த சிஎஸ்வியை எக்செல்லில் இருசொடுக்கித் திறப்பதையும் தவிருங்கள்: 3/12 மறுபடி தேதியாகும். தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, பத்திகள் உரை என்று சொல்லுங்கள்.

காப்புப் பிரதி மூன்று இருக்கட்டும். இரு வேறு சாதனங்களில். ஒன்று வேறு இடத்தில்.

உயிரோடிருப்பவர்களின் விவரங்களை வெளியிடாதீர்கள். கணக்கெடுப்புத் தாள்களை அமெரிக்கா 72 ஆண்டுகளும், இங்கிலாந்தும் வேல்ஸும் 100 ஆண்டுகளும் மூடி வைத்திருப்பது இதற்காகத்தான். உங்கள் குடும்பப் பதிவுக்கும் ஒரு கால எல்லை வகுத்து, அதற்குப் பிந்தைய வரிகளைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

8. வகுப்புக்கு முன்: கற்றுக்கொடுப்பவர் செய்ய வேண்டியவை

ஒரு வகுப்புக்கு நான்கைந்து பேர். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரின் கையையும் பார்க்க முடியாது. நாற்பது நிமிடம் போதும். கூர்ந்து படிக்கும் வேலையில் கண் அதற்கு மேல் தாங்குவதில்லை. ஜூமின் இலவசக் கணக்கும் குழுக் கூட்டத்தை 40 நிமிடத்தில் முடித்துவிடுகிறது, அதுவும் வசதியாகப் போயிற்று.

பயிற்சிக்கு ஒரே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பத்துப் பன்னிரண்டு பதிவு இருக்க வேண்டும். அதில் ஒரு ‘மேற்படி’, ஓர் அடித்தல், ஒரு காலிக் கட்டம், உங்களாலேயே படிக்க முடியாத ஒரு பெயர் இருக்க வேண்டும். சரியான விடையை நீங்கள் முன்பே தட்டி வைத்திருங்கள்.

அந்தப் படத்தையும் விதித்தாளையும் ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். திரைப் பகிர்வில் படம் சுருக்கப்பட்டுத்தான் போய்ச் சேரும். இணைப்பு மெதுவானால் மெல்லிய கோடுகள் கலங்கிவிடும். உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் புள்ளி அவர்கள் திரையில் இருக்கவே இருக்காது. ‘தெரிகிறதா?’ என்றால் மரியாதைக்காகத் தெரிகிறது என்பார்கள். தங்கள் கணினியில் தங்கள் பிரதியைத் திறந்து வைத்திருந்தால் இந்த நாடகம் தேவையில்லை.

பங்கேற்பாளர்கள் திரையைப் பகிர அனுமதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று வகுப்புக்கு முன்பே பாருங்கள். வகுப்பு நடுவில் அமைப்புகளைத் தேடுவதில் பத்து நிமிடம் போய்விடும்.

9. வகுப்பில்: அவர் திரை, அவர் கை

இணையவழி கற்பிக்கிறவர்கள் செய்யும் பெரிய பிழை, தன் திரையைப் பகிர்ந்து தானே தட்டிக் காட்டுவது. பார்ப்பவர்களுக்கு எல்லாம் புரிந்தது போலிருக்கும். அழைப்பு முடிந்து தனியாக உட்கார்ந்ததும் எந்தச் சாளரத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாது.

முதல் ஐந்து நிமிடம் இரண்டு வரி மட்டும் காட்டுங்கள். பிறகு ஒருவரைத் திரையைப் பகிரச் சொல்லி, அவரையே தட்டச் சொல்லுங்கள். தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் வசதி இருக்கும், அதைத் தொடாதீர்கள். நீங்கள் ஒருமுறை சுட்டியைப் பிடுங்கினால், அடுத்த தடவையும் நீங்கள் பிடுங்குவதற்காகவே அவர் காத்திருப்பார்.

பகிரும்போது முழுத் திரையையும் பகிரச் சொல்லுங்கள். ஒரு சாளரத்தை மட்டும் பகிர்ந்தால், அவர் படத்திலிருந்து அட்டவணைக்குத் தாவும்போது என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அறிவிப்புகளையும் சொந்த அரட்டைகளையும் மூடிவிடுமாறு முன்பே சொல்லிவிடுங்கள்.

‘இங்கே, அங்கே’ என்று சொல்லாதீர்கள். ‘நான்காவது பதிவு, இரண்டாவது பத்தி’ என்று சொல்லுங்கள்.

தட்டுமுன் அவர் வாய்விட்டுப் படிக்கட்டும். தயக்கம் குரலில் தெரியும். அவர் தயங்கும் இடத்தில் விடையைச் சொல்லாமல், ‘இதே எழுத்து இந்தப் பக்கத்தில் வேறு எங்கே இருக்கிறது?’ என்று கேளுங்கள். சில நேரம் ஒரு நிமிட அமைதி. இணையவழியில் அந்த அமைதி நீளமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஒரே இணைய அட்டவணையில் தட்டுவதானால் ஆளுக்கொரு தாள் ஒதுக்குங்கள். ஒரே தாளில் விட்டால், ஒருவர் வரியை நீக்க இன்னொருவரின் வரி போகும். கூகுள் ஷீட்ஸில் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியும் என்பதையும் காட்டிவிடுங்கள். அழித்துவிடுவோமோ என்ற அச்சம் போனால்தான் கை நகரும்.

வகுப்பைப் பதிவு செய்வதானால் எல்லோரிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பயிற்சிப் படத்தில் வாழ்பவர் எவருடைய விவரமும் இருக்கக் கூடாது.

10. வகுப்புக்குப் பின்

வீட்டுப் பாடம் எல்லோருக்கும் ஒரே பக்கம். அடுத்த வகுப்பில் அவர்களுடைய தாள்களை ஒப்பிட்டு, வேறுபட்ட கட்டங்களை மட்டும் காட்டுங்கள். யார் சரி என்று சொல்லாதீர்கள். ஒவ்வொருவரும் படத்திலிருந்து ஆதாரம் காட்டி வாதாடட்டும். படிக்க முடியாத அந்தப் பெயருக்கு நான்கு பேர் நான்கு விடை தந்திருப்பார்கள். கேள்விக்குறி இட்டவர்தான் விதித்தாளைப் படித்தவர்.

அதன் பிறகு ஆளுக்கு இருபது பதிவு கொண்ட சிறு தொகுதி கொடுங்கள். முதல் இரண்டு தொகுதிகளை முழுவதுமாகப் படத்தோடு ஒப்பிட்டு, பிழைகளை வகைவாரியாக எழுதி அனுப்புங்கள்: தாண்டிய வரி எத்தனை, திருத்திப் படித்தது எத்தனை, வெறுமையாக விட்டது எத்தனை. ‘இன்னும் கவனமாகச் செய்யுங்கள்’ என்ற வாக்கியத்தால் யாரும் எதையும் கற்றதாக நான் கண்டதில்லை.

மூன்றாம் தொகுதியிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டியதில்லை. சந்தேகப் பத்தியை மட்டும் பார்த்தால் போதும். அதில் இரண்டு மூன்று குறிகளாவது இருந்தால் அவர் படத்தைப் பார்த்துத்தான் தட்டுகிறார். ஒரு குறிகூட இல்லாமல் வந்து சேரும் தொகுதியைத்தான் நான் முதலில் திறந்து, முதல் வரியிலிருந்து ஒப்பிடுகிறேன்.